தையலில் மிஞ்சிய நிறம்

மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்சி சட்டப்படி ஓடிய கடைசி நாள் 2023 அக்டோபர் 29. அந்த வகையில் கடைசி டாக்சி 2003ஆம் ஆண்டு அதே தேதியில் தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. மும்பை டாக்சிகளுக்கு வயது வரம்பு 20 ஆண்டு. கணக்கு முடிந்தது, மறுநாள் முதல் கறுப்பு-மஞ்சள் பத்மினி சாலையில் இல்லை. பத்திரிகைகள் அந்த வாரம் உருக்கமாக எழுதின. பழைய படங்கள், பயணிகளின் நினைவுகள் எல்லாம் வந்தன. எனக்கு அப்போது வேறொரு கவலை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களின் கீழே உறை போட்டு நிற்கும் சொந்தப் பத்மினிகள் இத்தனை காலம் உயிரோடு இருந்ததே அந்த டாக்சிகளின் தயவில்தான். டாக்சிக்காரருக்குக் கிளட்ச் பிளேட் இன்றைக்கே வேண்டும். நாளைக்கு என்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. அதனால் கடைக்காரர் எப்போதும் சரக்கு வைத்திருந்தார். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டினார். வாரத்தில் ஒரு நாள் வண்டியை வெளியே எடுக்கும் எங்களைப் போன்றவர்கள் அந்தச் சந்தையின் ஓரத்தில் நின்று வேண்டியதை வாங்கிக்கொண்டோம். சந்தையை நடத்தியவர்கள் போய்விட்டார்கள். ஓரத்தில் நின்றவர்கள் மட்டும் மிச்சம்.

அந்தச் சந்தை நன்றாக நடந்த நாளிலும் சுலபமாகக் கிடைக்காத சாமான் ஒன்று உண்டு. முன்கண்ணாடிக்கு மேலே மடங்கிக் கிடக்கும் சன்வைசர். அது இல்லாமல் வண்டி நின்றுவிடாது என்பதால் அதற்கென்று யாரும் புதுச் சரக்கு செய்து வைக்கவில்லை. குர்லா சி.எஸ்.டி. சாலைப் பழைய சாமான் கடைகளில் கதவு கிடைக்கும், கியர்பாக்ஸ் கிடைக்கும், கண்ணாடி கிடைக்கும். வைசர் கேட்டால் கடைக்காரர் ஒரு மூலையைக் கையால் காட்டுவார். அங்கே இருப்பது பெரும்பாலும் டாக்சியில் இருந்து வந்தது. டாக்சிக்காரருக்கு வைசர் என்பது சட்டைப் பை. பெர்மிட் நகல், பெட்ரோல் ரசீது, சில்லறை நோட்டு எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டு அதில் செருகி வைத்திருப்பார். பல வருடம் அப்படி இழுபட்டு விளிம்பெல்லாம் பிய்ந்திருக்கும். சொந்த வண்டி வைசர் சாவது வெயிலால். டாக்சி வைசர் சாவது உழைப்பால். அதை வாங்கி இதில் மாட்டிப் பயனில்லை.

எங்கள் வண்டி எண்பதுகளில் வாங்கியது. அது பிறந்த ஊர் குர்லா, செம்பூருக்குப் பக்கத்துப் பேட்டை. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை, இன்றைய எல்.பி.எஸ். மார்க்கில் இருந்தது. முதலில் அமெரிக்க டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டினார்கள். ஐம்பதுகளில் இத்தாலிய ஃபியட் 1100 வந்தது. 1964இல் அதன் ‘டிலைட்’ வடிவம் வந்தது. எழுபதுகளில் அதே வண்டிக்குப் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி. எஞ்சின்; நூற்றாண்டின் இறுதிவரை உடம்பு கிட்டத்தட்ட மாறவே இல்லை. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் அந்தக் காலத்தில் கார் வாங்கினார்கள். அதனால் ஒரு குடும்பத்தில் கார் என்பது வந்து போகிற பொருளாக இருக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் தலைமுறை ஓட்டுகிற வண்டியும் இருக்கிறது.

வைசரைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்கு அழகு காரணம் இல்லை. 2014இல் திறந்த சான்டாகுரூஸ் – செம்பூர் இணைப்புச் சாலையில் மாலை ஐந்தரை மணிக்கு மேற்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலத்தின் மேல் ஏறியதும் நேர் எதிரே சூரியன். குளிர்காலத்தில் இன்னும் தாழ்வாக நிற்கும். அந்த நேரத்தில் வைசரை இறக்கினால் அது இறக்கிய இடத்தில் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு விரற்கடை கீழே இறங்கி, கடைசியில் முழுவதுமாகத் தொங்கிப் பாதையை மறைத்தது. தூக்கி விட்டால் மறுபடி இறங்கும். ஒரு கையால் ஸ்டியரிங்கையும் ஒரு கையால் வைசரையும் பிடித்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து.

கழற்றுவது எளிது. ஓரத்தில் இரண்டு ஸ்குரூ, நடுவில் கொக்கி. கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்ட சாமான் என்று தெரிந்தது. ஓரமெல்லாம் வளைந்து போகும் ஒரு கம்பி. அதோடு ஓர் அட்டை. இரண்டு பக்கமும் மெல்லிய ஃபோம். மேலே வெளிர் நிறத்தில் ரெக்சின். சுற்றிலும் தையல். தையல் நீங்கலாக இந்த நாலில் ஒவ்வொன்றையும் தனித்தனி நோய் பிடித்திருந்தது. ரெக்சின் என்று நாம் சொல்வது துணி மேல் பூசிய பி.வி.சி. அதை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது மெல்ல ஆவியாகி வெளியேறும். முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க மங்கலாகப் படியுமே ஒரு பிசுக்கு, அதில் ஒரு பங்கு இதுதான். எண்ணெய் போன ரெக்சின் விறைத்துச் சுருங்குகிறது, தையல் ஓட்டைகள் வழியாகக் கிழிகிறது. ஃபோமைக் கொல்வது வெயிலைவிட மும்பையின் ஈரம். நாலு மாத மழையில் ஊறி உள்ளுக்குள்ளேயே சிதைந்து மஞ்சள் தூளாகிவிடுகிறது. வைசரைத் தட்டினால் அந்தத் தூள்தான் மடியில் கொட்டும். அட்டை உப்பிப் போய்விடும். கம்பியில் துரு ஏறி, அந்தக் கறை ரெக்சினின் வெளிப்பக்கம்வரை வந்துவிடும்.

இதைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். சயான் – பாந்திரா இணைப்புச் சாலையில் வரிசையாக இருக்கும் தோல் கடைகளைத் தாண்டி உள்ளே போனால், கீழே வீடும் மேலே பட்டறையுமாக இருக்கும் சந்துகள். தாராவியின் தோல் தொழிலுக்கும் நம் மக்களுக்கும் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உறவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே தோல் பதனிடும் தொழிலைக் கொண்டுவந்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அந்தக் கிடங்குகளில் உழைக்க அதே மாவட்டத்திலிருந்து ஆதிதிராவிடக் குடும்பங்கள் வந்தன. பக்கத்தில் பாந்திராவில் ஆட்டுத்தொட்டி இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அது தேவ்னாருக்குப் போனது. பிறகு பதனிடும் வேலை படிப்படியாகத் தாராவியைவிட்டு வெளியேறியது. ஆனால் தைக்கும் கைகள் அங்கேயே இருந்தன. இன்று சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வரும் பதனிட்ட தோல் இந்தச் சந்துகளில்தான் பையாகவும் பெல்ட்டாகவும் மாறுகிறது. அதே கைகளில் சில, பல ஆண்டுகள் டாக்சி சீட்டுகளுக்கு உறை தைத்தவை.

ஏணியில் ஏறிப் போக வேண்டிய ஒரு மேல்தளத்தில் நான் பார்த்தவர் அப்படிப்பட்டவர். அறுபதை நெருங்கும் வயது. பிறந்தது தாராவியில், பேச்சு இன்னும் நெல்லைப் பேச்சு. வைசரை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினார்.

“அண்ணாச்சி, மேல இருக்கற ரெக்சின் சுத்தமா போயிருச்சு. எடுத்துப் போட்டுட்டுப் புதுசு தச்சிரலாமா?” என்றேன்.

“எடுக்கலாம் தம்பி. போட்ற கூடாது” என்றார். “கிழிஞ்சா என்ன, அளவு இதுலதான இருக்கு. இத எறிஞ்சிட்டா நீங்க கம்பெனிக்கா போய்க் கேப்பீய? கம்பெனியே இல்லையே.”

பிளேடால் தையலை ஒரு முனையிலிருந்து அறுத்துக்கொண்டே போனார். ரெக்சினில் ஊசி குத்திய ஓட்டை துணியில்போல மூடிக்கொள்ளாது, குத்தியது குத்தியதுதான். தவறாகத் தைத்துப் பிரித்தால் அந்த வரிசை ஓட்டை என்றைக்கும் தெரியும். ஆனால் அதே காரணத்தால் குர்லாவில் யாரோ நாற்பது ஆண்டுக்கு முன் போட்ட தையல் ஒவ்வொன்றும் அப்படியே பதிவாகியிருந்தது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு இடைவெளி, வளைவில் எங்கே துணியை வெட்டி விட்டிருக்கிறார்கள், எந்த முனையில் தொடங்கி எங்கே முடித்திருக்கிறார்கள் எல்லாம் தெரிந்தது. அண்ணாச்சி இடைவெளியை அளக்கச் சொன்னார். மூன்று, நான்கு மில்லிமீட்டருக்குள் இருந்தது. நெருக்கமாகத் தைத்தால் அழகாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நெருங்கின ஓட்டை வரிசை தபால்தலை விளிம்புபோல ஆகிவிடும், கிழிவதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும் என்று விளக்கினார்.

தையல் முழுக்கப் பிரிந்ததும் உள்மடிப்பை விரித்துக் காட்டினார். வெளியே பழுத்துப்போன மஞ்சளாக இருந்த ரெக்சின், மடிப்புக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வேறு நிறத்தில் இருந்தது. லேசான சாம்பல் கலந்த வெள்ளை. வெயில் படாத, கை படாத, வண்டி வாங்கிய நாளின் நிறம். நான் அந்த வண்டியிலேயே வளர்ந்தவன். அதன் உள்கூரை இப்படி இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. நினைவில் இருந்தது பழுத்த நிறம்தான். ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு ரெக்சின் கடைக்குப் போகச் சொன்னார். “வெளி நிறத்தக் காட்டாதீங்க, உள் நிறத்தக் காட்டுங்க” என்றார். நான் கொஞ்சம் தயங்கினேன். புது வைசர் வெள்ளையாகவும், மேலே கூரை மஞ்சளாகவும் இருந்தால் ஒட்டுப் போட்டதுபோல் தெரியாதா? கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தை எடுத்தேன். பொருட்காட்சியில் நிற்கப்போகும் வண்டியாக இருந்தால் உள்நிறம்தான் சரி. வாராவாரம் கூரையோடு சேர்த்துப் பார்க்கப்போகிறவனுக்கு நடுநிறம் சரி என்பது என் முடிவு. அண்ணாச்சிக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் தைத்துக் கொடுத்தார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ரெக்சின் 54 அங்குல அகலத்தில் வரும்; இரண்டு வைசருக்கு அரை மீட்டர் தாராளம். ஃபோம் ஒரு துண்டு, அட்டை ஒரு துண்டு, நைலான் நூல், ஒரு சின்ன டப்பா ரெட் ஆக்சைடு. கூலியையும் சேர்த்தால், மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு டிபன் சாப்பிடும் செலவுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஈரம் உறிஞ்சாது என்பதால் விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் சன்போர்டு போடலாம் என்று ஒருவர் சொன்னார். அது பி.வி.சி. மே மாத மதியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இளகி வளைந்துவிடும். பிளைவுட், தகடு இரண்டும் கூடவே கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் ஓட்டுபவரின் நெற்றிக்கு எதிரே இருப்பது வைசர். அங்கே இருப்பது முறியும் பொருளாக இருக்க வேண்டும், வெட்டும் பொருளாக இருக்கக் கூடாது. ஆகவே பழையபடி ஹார்ட்போர்டுதான். விளிம்புகளில் மட்டும் இரண்டு கை வார்னிஷ் அடித்தோம், ஈரம் நுழைவது விளிம்பு வழியாக என்பதால். ஃபோமைத் தடிமனாகப் போட்டால் பார்க்கப் பணக்காரத்தனமாக இருக்கும். வைசர் கூரையோடு ஒட்டி மடங்காது, கொக்கியில் உட்காராது. மெல்லியதே போதும்.

பசை பற்றி அண்ணாச்சிக்கு ஒரு கொள்கை உண்டு. “வண்டிக்குள்ள பசைய நம்பாதீங்க. மே மாசம் வரட்டும், எல்லாம் கழண்டு வரும். நூலுதான் நிக்கும்.” ஃபோம் நழுவாமல் இருக்க அட்டையில் நாலு இடத்தில் மட்டும் தொட்டு வைத்தார். உறையை உள்பக்கம் வெளியே இருக்கும்படி மூன்று பக்கம் தைத்துப் புரட்டினார். புதிய ரெக்சின் விறைப்பாக இருந்ததால் கொஞ்ச நேரம் தகரக் கூரைமேல் வெயிலில் போட்டார். இளகி வந்ததும் அட்டையை மெல்லிய பாலிதீன் பையில் சுற்றி உறைக்குள் தள்ளினார். ஃபோம் ரெக்சினில் உரசிச் சுருளாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. பிறகு பையை மட்டும் உருவி எடுத்தார். அந்த ஒரு நிமிட வேலைக்குப் பின்னால் எத்தனை டாக்சி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தைக் கையால் தைத்தார். பழைய ஓட்டைகளை வைத்துப் புள்ளி போட்டுக்கொண்டு, அதே இடைவெளியில்.

தொங்கும் நோய்க்குத் தையலில் மருந்து இல்லை. வைசர் சுழலும் கம்பியை உள்ளே ஒரு கிளிப் இறுக்கிப் பிடித்திருக்கும். வருடக்கணக்கான சுழற்சியில் இரண்டும் தேய்ந்திருக்கும். கம்பியின் துருவைத் தேய்த்து எடுத்து, கிளிப்பை வைஸில் வைத்து மெதுவாக நெருக்கினேன். மிகவும் நெருக்கினால் கிளிப் உடையும், அல்லது வைசரைத் திருப்பும்போது உள்ளே அட்டை கிழியும். மின்கம்பிகளுக்குப் போடும் வெப்பத்தில் சுருங்கும் குழாயைக் கம்பிமேல் ஏற்றிச் சூடுகாட்டினால் அந்தத் தேய்மானம் நிறைந்துவிடும். இந்த வேலையை உறை தைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். தைத்த பிறகு கிளிப் கைக்கு எட்டாது.

என் நண்பர்கள் சிலர் கேட்டார்கள்: இவ்வளவு ஏன்? நல்ல தோலில், தங்க நிற நூலில், புதிதாகவே செய்துவிடலாமே. செய்யலாம். பணம் இருப்பவர்கள் செய்கிறார்கள். அப்படிச் செய்த பத்மினிகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்தால் எந்த வண்டியில் இருக்கிறோம் என்றே தெரியாது. வைசர் மட்டுமல்ல, கூரை, கதவுப் பலகை, சீட் எல்லாமே ஒரே நாளில் பிய்த்து எறியப்பட்டவை. எறிந்ததில் அளவுகள் போயின, தையல் போயிற்று, மடிப்புக்குள் இருந்த நிறமும் போயிற்று. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது. வண்டியின் அசல் பொருளையும் அது வாழ்ந்த வாழ்க்கையின் தடங்களையும் முடிந்தவரை காப்பாற்றச் சொல்கிறது அது. ஐரோப்பாவில் அதற்கு வல்லுநர்கள் தேவைப்படுகிறார்கள். இங்கே கையில் காசு குறைவாக இருப்பதே பல வண்டிகளில் அந்த வேலையைச் செய்திருக்கிறது. புதிது வாங்க முடியாதவர் பழையதில் எது நல்லது என்று பார்க்கிறார். கம்பி நன்றாக இருந்தால் கம்பியை வைத்துக்கொள்கிறார், கிளிப்பை வைத்துக்கொள்கிறார், கெட்டுப்போனதை மட்டும் மாற்றுகிறார். எங்கள் வைசரில் இப்போதும் பாதி குர்லாவில் செய்தது. கூடுதலாக இன்னும் இரண்டாயிரம் ரூபாய் என்னிடம் இருந்திருந்தால் அந்தப் பாதியும் போயிருக்கும் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

பழைய வண்டி வைத்திருப்பவருக்குப் பணம் கரைவது வேறு வழிகளிலும்தான். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டிதான் விண்டேஜ். அதற்குத் தனி எண் வரிசை உண்டு, ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. எண்பதுகளின் பத்மினி அதில் சேராது. 15 ஆண்டு தாண்டிய சாதாரணக் காராக ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. மாநிலத்தின் சுற்றுச்சூழல் வரி தனி. புகை கக்கும் வண்டிகள் குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை; செம்பூர்க்காரன் காற்றைப் பற்றி அலட்சியமாகப் பேச முடியாது, மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் வாழ்கிறவன் நான். மாதத்தில் சில மணி நேரம் ஓடும் ஒரு வண்டிக்கும் தினம் பல மணி நேரம் ஓடும் வண்டிக்கும் விதியில் வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் கோரிக்கை.

விதியைவிட எனக்குப் பெரிய கவலை அந்த ஏணியும் அதன் மேலே இருக்கும் தளமும். தாராவி மறுசீரமைப்பின் ஏலத்தை 2022இன் இறுதியில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதை நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறது திட்டம். மேல்தளத்துக்காரர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. அண்ணாச்சியின் தையல் மெஷின் இருப்பது மேல்தளத்தில். அவர் கேட்பது வீட்டைப் பற்றி மட்டும் அல்ல. ரெக்சின் கடை நடந்துபோகும் தூரத்தில், ஃபோம் வெட்டுபவர் அடுத்த சந்தில், பக்கிள் அடிப்பவர் எதிரே. ஊசி முறிந்தால் பத்து நிமிடத்தில் வேறு ஊசி. அரை மீட்டர் ரெக்சினுக்காகத் தையல்காரர் ஒருவர் இறங்கி வேலை செய்ய முடிவது இந்த நெருக்கத்தால்தான். அவரை மட்டும் தூக்கி எங்கோ ஏழாவது மாடியில் வைத்தால், ஆயிரம் பை தைக்கும் ஆர்டர் வேண்டுமானால் அவருக்கு வரலாம். இரண்டு வைசரைத் தூக்கிக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். புதுத் திட்டத்தில் தொழிற்கூடங்களுக்கு இடம் உண்டு என்கிறார்கள். அந்த இடம் சந்தின் கணக்கில் இருக்குமா, மாடியின் கணக்கில் இருக்குமா என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் இவரைப் போன்றவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பழைய உறையை அண்ணாச்சி என்னிடம் திருப்பித் தரவில்லை. தட்டையாக விரித்து, பழுப்புத் தாளில் வரைந்து, அளவு எழுதிக்கொண்டார். இன்னொரு பத்மினி வந்தால் உதவும் என்றார். நானும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். கட்டடத்தின் கீழே பத்மினி வைத்திருப்பவர்கள், வைசர் முழுவதும் உதிர்ந்துபோவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. வலதும் இடதும் ஒன்றல்ல, இரண்டையும் தனித்தனியாக வரைய வேண்டும். கம்பியின் தடிமன், ஸ்குரூ ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், தையல் இடைவெளி, ஃபோமின் தடிமன் இவற்றை அந்தத் தாளிலேயே குறிக்கலாம். மடிப்புக்குள் இருந்து ஒரு சின்னத் துண்டு ரெக்சினை வெட்டி, வெயில் படாத உறையில் போட்டு, அந்தத் தாளோடு பின் செய்து வைக்கலாம். பிரிக்கும்போது பிளேடை நூலுக்குக் கொடுக்க வேண்டும், ரெக்சினுக்குக் கொடுக்கக் கூடாது.